46 வயதில் என்ன சாப்பிட்டால் 70இல் மறதி வராது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 71 வயதில் அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு இப்போது 46. விஷயம் தெரிந்ததிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம்: தங்கை வால்நட் வாங்கி வைக்கிறார், அலுவலக நண்பர் மஞ்சள் கேப்சூல் என்கிறார், மாமியார் வல்லாரை என்கிறார், வாட்ஸ்அப்பில் யாரோ காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் என்கிறார். இதில் எது உண்மை, இப்போதிருந்தே எதைச் சாப்பிட்டால் எனக்கு வராமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது, 'எனக்கும் வந்துவிடுமா' என்று. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் டயட்டீஷியன். இருபத்தொரு வருடமாக மருத்துவமனை வேலை, அதில் கடைசி ஒன்பது வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் மறதி நோயாளிகள் வரும் கிளினிக்கில் உட்காருகிறேன். யாருக்கு என்ன நோய் என்று முடிவு சொல்வது நரம்பியல் மருத்துவரின் வேலை, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். உங்கள் கேள்விக்கு அந்த அனுபவம்தான் கைகொடுக்கப் போகிறது.

முதலில் அந்த எழுதாத கேள்வி. ஒரே ஒரு மரபணு கெட்டுப்போய் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற அல்சைமர் ஒன்று உண்டு. அது மிக அரிது, அது வருகிற குடும்பங்களில் நாற்பதிலும் ஐம்பதிலுமே ஆரம்பித்துவிடும். 71 வயதில் ஒருவருக்கு மட்டும் வந்திருப்பது அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு ஓரளவு கூடுகிறது, அது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டுகிற ஏபிஓஇ4 என்று ஒரு மரபணுவுக்குப் பரிசோதனை இருக்கிறது, பணம் கட்டிப் பார்த்துவிடலாமா என்று என்னிடமே நிறையப் பேர் கேட்கிறார்கள். அது இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய, இல்லாமலே வந்தவர்களும் நிறைய. தெரிந்துகொண்டு செய்யப்போவது தெரியாமலே செய்ய வேண்டிய அதே காரியங்கள்தான் என்பதால் நான் யாரையும் அந்தப் பக்கம் அனுப்புவதில்லை.

இப்போது சாப்பாடு. நேராகவே சொல்லிவிடுகிறேன்: இதைச் சாப்பிட்டால் டிமென்ஷியா (மறதி நோய்களுக்கான பொதுப்பெயர், அல்சைமர் அதில் ஒரு வகை) வராது என்று நிரூபணமான உணவு இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவயதுச் சாப்பாட்டையும் பிற்கால மறதியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. லண்டனில் அரசு அலுவலக ஊழியர்கள் 8,225 பேரை, சராசரியாக 50 வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் கிட்டத்தட்ட 25 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 344 பேருக்கு டிமென்ஷியா வந்தது. நல்ல சாப்பாட்டுக்காரர்களுக்கும் மோசமான சாப்பாட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இது 2019இல் வந்தது. 2022இல் ஸ்வீடனின் மால்மோ நகரத்திலிருந்து இன்னொன்று: சுமார் 28,000 பேர், சராசரி வயது 58, இருபது வருடம், 1,943 பேருக்கு நோய். அங்கேயும் தொடர்பு தெரியவில்லை, காய்கறி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் உணவுமுறையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோமே, அதைப் பின்பற்றியவர்களிடமும்கூட. சரி, முடிந்தது கதை என்று நினைத்தால், 2023இல் அதே லண்டன் ஊழியர்களையும் இரண்டு அமெரிக்கக் குழுக்களையும் சேர்த்து, மைண்ட் என்ற உணவுமுறைக்கான (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) வேறொரு மதிப்பெண் முறையில், அறுபதைத் தாண்டிய பிறகான சாப்பாட்டை வைத்துப் பார்த்தார்கள். அதில் நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் ஓரளவு குறைவு என்று வந்தது.

ஏன் இப்படி மாறி மாறி வருகிறது என்பதற்கு இரண்டு காரணம் சொல்வேன், இரண்டையும் என் மேஜைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், சுகருக்காக அனுப்பப்பட்டவர், மனைவியோடு வந்து உட்கார்ந்தார். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றேன். "காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் சாதம், ராத்திரி ரெண்டு தோசை, அவ்வளவுதாம்மா." மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அந்த நாலு டீ? சாயங்காலம் வாங்கிட்டு வந்த வடை? டிவி முன்னாடி உக்காந்து தின்ன மிக்சர்?" அவர் பொய் சொல்லவில்லை, அதெல்லாம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. என் அறையில் ஒரு எவர்சில்வர் தட்டும், குழிக்கரண்டியும், ஒரு டப்பா பொரியும் வைத்திருக்கிறேன். அந்தக் 'கொஞ்சம் சாதத்தை' இதில் போட்டுக் காட்டுங்கள் என்று கொடுத்தேன். நாலு கரண்டி போட்டு, ஒரு நொடி யோசித்து, ஐந்தாவதும் போட்டார். நேற்று சாப்பிட்டதற்கே இந்தக் கதி என்றால், 'சென்ற ஒரு வருடத்தில் கீரை வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிட்டீர்கள்' என்று நூறு கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்து, அதில் அவர் போட்ட டிக்கை வைத்து இருபத்தைந்து வருடம் கழித்து அவர் மூளை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். இந்த ஆய்வுகளில் தொடர்பு தெரியவில்லை என்றால் தொடர்பே இல்லை என்று ஆகாது, அளவுகோல் அவ்வளவு மங்கல்.

இரண்டாவது காரணம் இன்னும் வம்பானது. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை மகள் கூட்டி வந்தார். அந்த அம்மா சமையலில் கெட்டிக்காரராம், கல்யாண வீடுகளில்கூடக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வார்களாம். மகளிடம் பேச்சுக் கொடுத்தபோது சொன்னார்: "டாக்டர் சொல்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அம்மா வத்தக்குழம்பு வைக்கிறதை நிறுத்திட்டாங்க. தினமும் ரசமும் அப்பளமும்தான். வயசாச்சு, முடியலைன்னு நெனச்சோம். இனிப்பு வேற அதிகமா கேக்க ஆரம்பிச்சாங்க." அது முடியாமை இல்லை. வத்தக்குழம்பு வைப்பதென்றால் எதற்குப் பின் எது, எப்போது புளி, எப்போது பொடி என்று ஒரு வரிசை மனதில் நிற்க வேண்டும், அந்த வரிசைதான் முதலில் அவிழ்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு ஆய்வாளர் போய் அவர் சாப்பாட்டை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? காய்கறி குறைவு, இனிப்பு அதிகம், மூன்று வருடத்தில் டிமென்ஷியா, ஆகவே மோசமான சாப்பாடு நோயைக் கொண்டுவருகிறது என்று. நடந்ததோ தலைகீழ், நோய்தான் சாப்பாட்டை மாற்றியது. அல்சைமரில் மூளைக்குள் மாற்றம் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அந்த லண்டன் ஊழியர்களிடமே பார்த்த இன்னொரு கணக்கில், 50 வயதில் உடல் பருமன் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் கூடுதலாக வந்தது, ஆனால் நோய் வரப்போகிறவர்களுக்குக் கண்டுபிடிப்பதற்குச் சுமார் எட்டு வருடம் முன்பிருந்தே எடை குறைய ஆரம்பித்தது. அதனால் 70 வயதுக்காரர்களை ஐந்து வருடம் பார்த்துவிட்டு 'இதைச் சாப்பிட்டவர்களுக்கு இவ்வளவு சதவீதம் குறைவு' என்று வரும் தலைப்புச் செய்திகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன். இதே வழியில் வேடிக்கையான முடிவுகளும் வந்ததுண்டு. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பார்த்த ஆய்வு ஒன்று, நடுவயதில் டோஃபு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு முதுமையில் மூளை மோசம் என்று 2000இல் சொன்னது. சோயா ஆகாது என்று ஒரே கலவரம். அப்புறம் அது உறுதிப்படவே இல்லை.

அப்படியானால் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் நல்ல சாப்பாடு கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் என்பவர் உருவாக்கியதுதான் அந்த மைண்ட் உணவுமுறை: கீரை, பெர்ரிப் பழங்கள், கொட்டைகள், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய், வெண்ணெயும் சிவப்பு இறைச்சியும் குறைவாக. 2015இல், அதை நன்றாகப் பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் 53 சதவீதம் குறைவு என்று வந்தபோது உலகமே கொண்டாடியது. 2023இல் முறையான சோதனையின் முடிவு வந்தது. குடும்பத்தில் மறதி நோய் இருந்த, எடை கூடுதலான, 65ஐத் தாண்டிய 604 பேர், மூன்று வருடம். மைண்ட் சாப்பாட்டுக்காரர்களும், வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் சுமார் 5 கிலோ எடை குறைந்தது, இரண்டு பக்கமும் நினைவாற்றல் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. இதை மைண்ட் உணவின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கென்னவோ, ஒப்பிடுவதற்காக வைத்த கூட்டமும் மூன்று வருடம் ஆலோசனை வாங்கி எடை குறைத்திருக்கிறதே, அதற்கப்புறம் வித்தியாசம் எங்கிருந்து தெரியும் என்றுதான் தோன்றியது. பின்லாந்தில் மியா கிவிபெல்டோ நடத்திய ஃபிங்கர் ஆய்வு இதற்கு முன்பே, 2015இல், நல்ல முடிவு தந்திருந்தது: 60 முதல் 77 வயது வரை 1,260 பேர், இரண்டு வருடம், சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர்-சுகர் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து. அதில் பலன் தெரிந்தது. ஆனால் நான்கில் எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நடுவயதில் ஆரம்பித்து 25 வருடம் இப்படிச் சோதனை நடத்துவது என்பது நடக்கிற காரியமில்லை, ஆகவே உங்கள் கேள்விக்கு அந்த மாதிரியான நிரூபணம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இதுவரை சொன்னது சந்தேகக் கணக்கு. இனி உறுதியான பக்கம், உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதைத்தான். லான்செட் என்ற மருத்துவ இதழ் கூட்டிய நிபுணர் குழு 2024இல், மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்கள் என்று 14 பட்டியலிட்டது. இவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. அது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு, உங்களுக்கு 45 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதினான்கில் 'உணவு' என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் உணவு தொடுகிற நான்கு வரிகள் இருக்கின்றன: நடுவயதில் ரத்த அழுத்தம், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன். மூளை தின்பது ரத்தம் கொண்டுவருவதைத்தான், அந்த ரத்தம் போகிற மிக நுண்ணிய குழாய்கள் இருபது வருடம் அழுத்தத்திலும் சர்க்கரையிலும் ஊறினால் கெட்டுப்போகின்றன. இதற்கு மைண்ட் சோதனையை விட உறுதியான சான்றுகள் இருக்கின்றன. அந்த லண்டன் ஊழியர்களிடம், 70 வயதுக்குப் பத்து வருடத்துக்கும் முன்பே சர்க்கரை நோய் வந்துவிட்டவர்களுக்கு டிமென்ஷியா ஏறத்தாழ இரண்டு மடங்கு. 70ஐ ஒட்டி வந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. அதாவது எவ்வளவு சின்ன வயதில் வருகிறதோ அவ்வளவு பாதிப்பு. பிரஷருக்கு இன்னும் நல்ல சான்று. சீனாவில் 326 கிராமங்களில், 40 வயதைத் தாண்டிய, பிரஷர் கட்டுக்குள் இல்லாத சுமார் 34,000 பேரை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்களே மாத்திரை, உப்புக் குறைப்பு, எடை என்று விடாமல் கவனித்தார்கள். நான்கு வருடத்தில், மற்ற கிராமங்களோடு ஒப்பிட்டால், அங்கே டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025இல் வெளிவந்த இந்த முடிவை நான் பார்க்கிற எல்லா நாற்பது வயதுக்காரர்களிடமும் சொல்கிறேன், வால்நட் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால்.

அதனால் உங்களுக்கு என் முதல் யோசனை சாப்பாடே இல்லை, அளப்பது. பிரஷர், மூன்று மாத சராசரி சுகர், எல்டிஎல், இடுப்புச் சுற்றளவு, கூடவே வைட்டமின் பி12. கடைசியில் சொன்னதை மறக்காதீர்கள். சுத்த சைவமாக இருந்தாலோ, சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டாலோ, அசிடிட்டி மாத்திரையை மிட்டாய் மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தாலோ பி12 இறங்கிவிடும். இறங்கினால் மறதி, கவனக்குறைவு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும், ஊசியோ மாத்திரையோ போட்டால் பெரும்பாலும் சரியாகும். மறதி என்று எங்களிடம் வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான். சத்தாக ஒரு பொருளைச் சாப்பிட்டு மூளை தெளிந்தது என்று நான் கண்ணால் பார்த்தது இந்த ஒன்றில்தான். குறைவு இல்லாதவர்கள் போட்டுக்கொள்வதால் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

இப்போது சமையலறைக்கு வருகிறேன், முதலில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு டீஸ்பூனைத் தலை தட்டினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாங்கள் அதிகம் போட மாட்டோம் என்று சொல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு வேலை கொடுப்பேன்: புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பெரும்பாலும் மாதம் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். அதிலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், ஹோட்டல் சாம்பார் உப்பெல்லாம் சேரவில்லை. சோடியம் குறைத்து பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. மறதியை அவர்கள் அளக்கவில்லை, ஆனால் பக்கவாதம் டிமென்ஷியாவுக்குப் பெரிய வாசல். ஒரே எச்சரிக்கை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து.

அடுத்தது சாதம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தும் ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2025இல் சொன்னது, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று, அதுவும் பெரும்பாலும் வெள்ளை அரிசி, தீட்டிய தானியம், சர்க்கரை. அதே ஆய்வில் எனக்குப் பிடித்த ஒரு கண்டுபிடிப்பு உண்டு, சிறுதானியக் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது: மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ கம்பு, கேழ்வரகுக்கோ மாறுவதால் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் மாதிரிப் புரதம் வைத்தபோதுதான் குறைந்தது. ஆகவே 'தினைப் பொங்கல்' என்று பெயர் மாற்றி அதே குண்டான் பொங்கலைச் சாப்பிடுவதில் பயனில்லை. தட்டில் சாதத்தை முதலில் போட்டுவிட்டு மற்றதைச் சுற்றி வைப்பதுதான் நம் பழக்கம், அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன்: முதலில் பொரியல் இரண்டு கரண்டி, அப்புறம் சுண்டலோ கூட்டோ மீனோ முட்டையோ, மிச்சமிருக்கும் இடத்தில் சாதம். எதையும் விடவேண்டியதில்லை, ஐந்து கரண்டி தானாக மூன்றாகும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது எங்கள் வாய்க்கணக்கு, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றி. ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டுமா என்று கேட்டால், வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கவலைப்படாதீர்கள்.

உங்கள் வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். வால்நட்டை பார்சிலோனாவிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு வருடம் முதியவர்களுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள், மூளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொழுப்புக்கு நல்லதுதான், தங்கை அன்பாக வாங்கி வைத்ததைச் சாப்பிடுங்கள், தீர்ந்தபின் வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி போதும். மஞ்சள் கதை நீளமானது. அரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் அல்சைமர் மிகக் குறைவு, அமெரிக்காவின் ஒரு பகுதியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது. உடனே, இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் என்று ஆகிவிட்டது. பிறகு நாடு முழுக்க எடுத்த கணக்கில் 60ஐத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகத் தெரிந்தது, அதிலும் கிராமங்களில் நகரத்தை விடக் கூடுதல். அவர்களும் மஞ்சள் போட்டுத்தானே குழம்பு வைத்தார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வதே அரிது, அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலன் தரவில்லை. குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள், கேப்சூல் மட்டும் வேண்டாம். செறிவாக்கிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வல்லாரையைப் பற்றி மாமியாரோடு சண்டை போடாதீர்கள். மறதியைத் தடுக்கும் என்பதற்கு நம்பும்படியான சோதனை கிடையாது, ஆனால் அது கீரை, துவையல் நன்றாக இருக்கும், உப்பு மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில்தான் நான் கண்டிப்பு. 2008 வாக்கில் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் தன் கணவருக்குக் கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னதிலிருந்து பரவிய செய்தி அது, ஒருவரின் அனுபவம். சமையலுக்குப் போடும் மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் சொன்னார்கள். நடுவயது எல்டிஎல் அந்தப் பதினான்கு காரணங்களில் ஒன்று என்று மேலே சொன்னேன். மறதியைத் தடுக்க வேண்டும் என்று அதற்குக் காரணமான ஒன்றையே வெறும் வயிற்றில் ஸ்பூன் கணக்கில் குடிக்கிறீர்கள். அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் ஊற்றுவதை நான் சொல்லவில்லை, நானும் நாகர்கோவில்காரிதான்.

மது பற்றி நீங்கள் கேட்கவில்லை, பழக்கம் இருந்தால் குறையுங்கள், கொஞ்சம் குடித்தால் மூளைக்கு நல்லது என்ற பேச்சை இப்போது நம்ப முடியவில்லை. அப்புறம், அந்தப் பட்டியலில் எல்டிஎல்லுக்குச் சமமாக 7 சதவீதம் பங்கு வாங்கிய இன்னொன்று காது கேளாமை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் காதைப் பரிசோதித்துவிடுங்கள். இது என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

இதையெல்லாம் செய்தால் வராது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வந்திருக்கிறது, அவர்கள் குடும்பம் 'எதில் தவறினோம்' என்று என் முன்னால் அழுதிருக்கிறது. எதிலும் தவறவில்லை என்றுதான் சொல்வேன். பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால் வாய்ப்புக் குறைகிறது, வந்தாலும் தள்ளி வருகிறது, இதயமும் சிறுநீரகமும் கூடவே பிழைக்கின்றன. அவ்வளவுக்கு என்னிடம் சான்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. மேலே எழுதியது எல்லாம் 46 வயதான உங்களுக்கு. தயவுசெய்து இதில் எதையும் அம்மா தட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். போன மாதம்தான் ஒரு மகன், அல்சைமர் வந்த தன் அப்பாவுக்குச் சாதத்தை நிறுத்தி ஓட்ஸும் வேகவைத்த காயும் மட்டும் கொடுத்து, இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தபின் கூட்டி வந்தார். இந்த நோயில் எடை குறைவதுதான் பயம், ஏறுவது இல்லை. அம்மாவுக்குச் சுகர் இருந்தால் அளவை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள், மற்றபடி அவருக்குப் பிடித்ததை, பழகிய ருசியில், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து பதார்த்தம் வைத்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்கள், அதனால் ஒன்றிரண்டாக வையுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாதம் சிலருக்குக் கண்ணில் படாது, பச்சையோ சிவப்போ நிறத்தட்டு வாங்கிப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில் அம்மாவின் எடையைப் பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள்.